கீறல் அப்படியே இருக்கணும்

"துடைக்கிறான் பாரு, துடைக்கிறான்! தோல் உரியற மாதிரி துடைக்கிறான்!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வரிசையை முறைத்துக்கொண்டிருந்தார் டிரைவிங் வாத்தியார். அங்கே புதிதாக டிரைவிங் ஸ்கூல் திறந்திருக்கும் ஆசாமி, தன் புத்தம்புதுக் காரை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாத்தியார் வைத்திருக்கும் பெயர், பளபளா.

"அவர் காரை அவர் துடைக்கிறார். உங்களுக்கு எங்கே எரியுது?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன? ஒண்ணும் எரியல."

நன்றாகவே எரிந்தது. அடிவயிற்றில் ஆரம்பித்துக் காதுவரைக்கும் எரிந்தது.

பின்னே? வாத்தியாரின் கார் பதினாலு வருஷப் பழசு. பம்பரில் கீறல், கதவில் கீறல், கீறல் இல்லாத இடத்தில் நசுங்கல். பளபளா வந்ததிலிருந்து, விசாரிக்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

"நாலஞ்சு வருஷத்துல காரை மாத்திடணுமாம். ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. நான் ஒருத்தன்தான் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"மெக்கானிக் என்ன சொன்னார்? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லைன்னாரா, இல்லையா?"

"இன்ஜினை யாரு பார்க்கிறாங்க? எல்லாரும் மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க!"

மனைவி மேஜையைப் பார்த்தாள். அங்கே வீட்டுப் பத்திரம் இருந்தது. பழைய காரை விற்றுவிட்டு, பத்திரத்தை பேங்கில் வைத்துப் புதுக் கார் வாங்குவதாகத் திட்டம். பத்திரம் பீரோவை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வீடு ஒண்ணுதாங்க நமக்குன்னு இருக்கு" என்றாள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார் வாத்தியார்.

அன்றைக்கு முதல் வகுப்பு ஒரு நர்ஸுக்கு. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். அந்தம்மா எடுத்த எடுப்பில் கேட் தூணில் டொக்கென்று இடித்துவிட்டு, "ஐயையோ!" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள்.

"விடும்மா. போன வாரம் கத்துக்க வந்த டெய்லர் போட்ட கீறல் தனியா கிடந்து தவிச்சுது. இப்போ அதுக்கு ஜோடி கிடைச்சாச்சு. முன்னாடி போய் மறுபடி வா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எடுத்ததில் வண்டி தூணைத் தொடாமல் அழகாக வந்து நின்றது.

எதிரே பளபளாவின் கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. உள்ளே கற்றுக்கொள்ள வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி போட்ட காருக்குள்ள உட்கார்ந்து அழுகை வேற! கொழுப்பு" என்று முணுமுணுத்தார் வாத்தியார். என்ன நிறம், என்ன மினுக்கு! அவருக்குக் கார் தெரிந்த அளவுக்கு அந்தப் பெண் தெரியவில்லை.

மத்தியானம் கார் புரோக்கர் போன் செய்தார்.

"சார், பார்ட்டி ரெடி. நீங்க சொன்ன விலைதான், பேரமே இல்லை. ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன, பெயிண்ட் அடிச்சுத் தரணுமா?"

"அதான் கூடாதாம்! கீறல் எல்லாம் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணுமாம். ஒண்ணுகூடக் குறையக் கூடாதாம்."

"யாருய்யா அந்தப் புண்ணியவான்? கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"நேர்ல கூட்டிட்டு வர்றேன், நீங்களே கேட்டுக்குங்க."

சாயங்காலம் புரோக்கர் வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு, கையில் மஞ்சள் துணியோடு பளபளா.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்களா? என் வண்டியை வாங்கிக் காயலான் கடையில போட்டு, என் பொழைப்புல மண்ணைப் போடலாம்னு வந்தீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க!" பளபளாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "என் கார்ல ஏறினதுமே எல்லாருக்கும் கையும் காலும் உதறுது. எங்கே கீறிடுவோமோன்னு பயம். லேசா உரசினாலே நானும் கத்தித் தொலைச்சுடறேன். கடன் வாங்கி எடுத்த வண்டி, மனசு கேட்க மாட்டேங்குது. இதுவரைக்கும் ஒருத்தர்கூட டெஸ்ட்ல பாஸாகல. பாதிப் பேர் அழுதுட்டு ஓடிட்டாங்க. உங்ககிட்ட இடிக்கிறவங்க சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே லைசென்ஸும் வாங்கிட்டுப் போயிடறாங்க. அதுக்குத்தான் இந்த வண்டியைக் கேட்கிறேன்."

வாத்தியார் கையிலிருந்த கார் சாவியை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கு சார் தினமும் காலையில அப்படி விழுந்து விழுந்து துடைக்கிறீங்க?"

பளபளா கையிலிருந்த துணியைக் கசக்கினார்.

"துடைக்கிறது ஒரு சாக்குங்க. அங்கே நின்னு உங்க காரைப் பார்த்துத்தான் வயிறெரிஞ்சுக்கிட்டிருந்தேன்."

உள்ளே பீரோவைப் பூட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மேஜை மேல் பத்திரத்தைக் காணோம்.