பெண்களுக்கு மட்டும்

சூடம் அணைத்தே சத்தியம் செய்யலாம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. 1994-இல் அருப்புக்கோட்டை பஜாரில் ராஜகுரு வைத்த வீடியோ கேம் பெட்டியை அவர் பார்க்க ஒரு பெண்கூடத் தொடவில்லை.

ராணி ஒருத்தி வாளெடுத்து ஏழு மாயக் கோட்டைகளைப் பிடிக்கிற விளையாட்டு அது. பெண்கள் வந்து குவிவார்கள் என்று நம்பிப் பெட்டிக்கு ரோஸ் பெயிண்ட் அடித்தார். கடைவாசலில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டினார். ஆட வந்தால் ஒரு முழம் மல்லிகை இலவசம். பூ வாடியதுதான் மிச்சம்.

“இவுகளுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?” என்று சலூன்காரரைக் கேட்டார், சகலையைக் கேட்டார், டீக்கடை முழுக்கக் கேட்டார்.

“வளையலு குடுத்துப் பாருங்க” என்றார் சகலை. அதையும் கொடுத்துப் பார்த்தார்.

ஆறாம் மாதம் ஒரு சாயங்காலம், பெட்டியைப் பந்தல்குடி கடைக்காரர் தங்கபாண்டிக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் அவர் வந்தபோது, தினமும் அவருக்கு முன்னால் வந்து கடையைக் கூட்டிப் பெருக்கும் மனைவி காளீஸ்வரி விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தாள்.

“ஏங்க, பெட்டி எங்க?”

“வித்தாச்சு. ஒரு பொம்பள ஏறெடுத்துப் பாக்கலயே.”

“ஐயோ, நா ஆறு கோட்டை பிடிச்சிட்டேனே. இன்னிக்கு ஏழாவது!”

“அடிப்பாவி! போர்டு வச்சுக் கூப்பிட்டேனே, அப்ப வந்திருக்கலாம்ல?”

“அதுக்குக் கீழ நின்னா பஜாரே வேடிக்கை பாக்கும். எவ வருவா?”

ராஜகுரு பந்தல்குடிக்கு பஸ் ஏறினார். தங்கபாண்டி பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

அதன்பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு, ராஜகுரு எழுந்திருக்கும் முன், பந்தல்குடியில் போர்டே இல்லாத அந்தப் பெட்டிக்கு முன்னால் காளீஸ்வரியோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் வரிசையில் நின்று ஆடிவிட்டுப் போனார்கள்.