மோவாவின் வாய்ப்பூட்டு

"பயப்படாதீங்க! அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்!"

ரேவின் தூரத்திலிருந்தே கத்தினாள். அதற்குள் பட்டன், மணலில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தவரின் மடியில் ஏறி, ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

"செல்லம் கொஞ்சம் ஜாஸ்தி. தப்பா நினைக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே அவரைக் கடந்து போனாள்.

பட்டன் அவளுடைய டெரியர் நாய். முழங்கால் உயரம்கூட இல்லை, ஆட்டம் மட்டும் ஊருக்கே போதும். கயிறில்லாமல் விடலாம், ஆனால் கூப்பிட்டால் வர வேண்டும் என்பது அந்த நியூசிலாந்துக் கடற்கரையின் சட்டம். பட்டனும் வரும், அதற்குத் தோன்றும்போது. கயிறு என்னவோ ரேவினின் கழுத்தில்தான் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.

"அந்தக் கயித்தை அவனுக்குக் கட்டினாத்தான் என்னடி?" என்றாள் காபி வண்டி ஷோனா.

"இத்தனூண்டு உசுரு, யாரை என்ன பண்ணிடப் போறான்? சொல்றதா இருந்தா அதோ வருதே, அதைச் சொல்லு."

அதோ வந்தது மோவா. கன்றுக்குட்டி உயர நாய். அடுப்புக்கரி நிறம். வாயில் கம்பி வாய்ப்பூட்டு. மர ஆலையில் வேலை பார்க்கும் ஹோனே, அதன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து நடத்தி வந்தான்.

குளிர்காலத்தில் ஹோனே அந்த ஊருக்குக் குடிவந்தபோது மோவாவுக்கு வாய்ப்பூட்டு கிடையாது. கொஞ்ச நாளில் திடீரென்று மாட்டியிருந்தது. ஊருக்கு அது போதாதா? ஆபத்தான நாய் என்று முத்திரை குத்தினால்தான் ஊர்க் கவுன்சில் வாய்ப்பூட்டு போடச் சொல்லும். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது.

"யாரைக் கடிச்சுதாம்?" என்றாள் ஷோனா.

"ஒரு குழந்தையைன்னு கேள்வி" என்றாள் ரேவின். போன வாரம்வரை அது ஒரு தபால்காரராக இருந்தது.

ஹோனேயிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வம்பில் ருசி ஏது?

அன்று ரேவின் நேராக அவனிடமே போய்விட்டாள்.

"இங்க பாரு ஹோனே, குழந்தைங்க விளையாடுற இடம் இது. இந்தக் கடிநாயை இங்க கூட்டிட்டு வரலாமா?"

"இவனுக்கு மூட்டுவலி ஆன்ட்டி. கடல் தண்ணில நடந்தாத்தான் கால் மடங்குது."

"அதுக்காக ஊர்ல இருக்கிறவங்க கடி வாங்கணுமா? நீயா நிறுத்தினா மரியாதை. இல்லன்னா கவுன்சில்ல சொல்லி நிறுத்துவேன்."

ஹோனே எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் காலடியில் துள்ளிக்கொண்டிருந்த பட்டனைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"சரி ஆன்ட்டி. நாங்க அந்தக் கோடிக்குப் போயிடறோம்."

மறுநாளிலிருந்து பாறைகள் இருக்கும் கோடியில்தான் இரண்டு பேரும் நடந்தார்கள். மோவா பாசிக்கல்லில் வழுக்கி வழுக்கி நடப்பதை ஷோனா பார்த்தாள். ரேவினும் பார்த்தாள். பார்த்துவிட்டு, காபியை ஊதிக் குடித்தாள்.

சனிக்கிழமை காலை, ஒரு கடற்காகத்தைத் துரத்திக்கொண்டு பட்டன் பாறைகளுக்குப் பின்னால் ஓடியது.

"பட்டன்! வாடா இங்க! பட்டன்!"

வரவில்லை. உறுமல் கேட்டது. பிறகு ஒரு ஓலம்.

"அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்!" ஓடிக்கொண்டே பழக்கதோஷத்தில் கத்தினாள்.

பாறையைச் சுற்றிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பட்டன் மோவாவின் முகத்தைக் கவ்விக்கொண்டு தொங்கியது. மோவா தலையை உதறிக்கொண்டே இருந்தது. பூட்டிய வாயால் வேறென்ன செய்ய முடியும்? ஹோனே எப்படியோ பட்டனைப் பிரித்தெடுத்து அவள் கையில் கொடுத்தான். அவன் சட்டை முழுக்க ரத்தம்.

"மோவாவோட கண்ணைக் காப்பாத்த முடியலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் கால்நடை மருத்துவர்.

வெளியே பெஞ்சில் ஹோனேயும் ரேவினும். இப்போது கயிறு பட்டனின் கழுத்தில் இருந்தது. மறுமுனையை ரேவின் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"என்னை மன்னிச்சிரு ஹோனே. கட்டுடி, கட்டுடின்னு ஷோனா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல."

உண்மையாகவே அழுதாள். இனி எத்தனை கயிறு கட்டினாலும் போன கண் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? சாய்ந்துகொள்ள ஒரு மூலையைத் தேடியது.

"ஆனா... அவனும் எப்பவோ யாரையோ கடிச்சவன்தானே? இல்லன்னா கவுன்சில் ஏன் வாய்ப்பூட்டு போடச் சொல்லுது?"

"கவுன்சில் ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. மோவா இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல."

"பின்னே எதுக்கு இது?"

ரத்தம் காய்ந்த வாய்ப்பூட்டு ஹோனேயின் மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாங்க வந்த புதுசுல பட்டன் ஓடி வந்து இவன் காலைக் கவ்விட்டான். இவனும் வாயைத் தொறந்துட்டான். நான்தான் இழுத்துப் பிடிச்சேன். நீங்க தூரத்துல இருந்து சிரிச்சுக்கிட்டே கை காட்டினீங்க. உங்களுக்குத் துணைக்கு பட்டன் ஒருத்தன்தான்னு ஷோனா சொன்னா. இவன் ஒரு தடவை கடிச்சாப் போதும், பட்டன் உங்களுக்கு இல்ல ஆன்ட்டி. அதான், மறுநாளே போய் இதை வாங்கி இவனுக்கு மாட்டிட்டேன்."