ரோஸ் மலை

மலை இன்னும் முகம் காட்டவில்லை.

ஸ்டுடியோக்காரர் ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிவிட்டு மலைப்பாதை வளைவின் ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தார். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க மேகம்.

“கொஞ்சம் தலையைத் தூக்குங்க” என்றார், மேகத்தைப் பார்த்து. பழக்க தோஷம். வாழ்நாளெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர் வாயில் வேறென்ன வரும்?

இத்தனை தூரம் தனியாகக் காரோட்டி வந்ததில் மனுஷனுக்கு ஒன்று புரிந்திருந்தது. தன்னோடு தான் மட்டும் இருப்பது அப்படியொன்றும் சுகமான காரியமில்லை. அதனால்தானோ என்னவோ, வழியில் கண்டவர்களையெல்லாம் நிறுத்திப் படம் எடுத்தார். பஞ்சர் ஒட்டியவரை எடுத்தார். பாலத்தடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா தங்கையை எடுத்தார். எல்லோரையும் நேராக நிற்கவைத்து, காது தெரியும்படி திருப்பி, சிரிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் எடுத்தார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் படங்கள்தான் நன்றாக வந்திருந்தன என்பது வேறு விஷயம்.

வந்த வேலை அதுவல்ல. வீட்டுக்காரியின் வாயை அடைக்க அவருக்கு ஒரே ஒரு படம் வேண்டும்.

வாயை அடைக்க என்பதும் சரியில்லை. அவள்தான் பேசுவதே இல்லையே.

கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவின் பின்னணித் திரையில் ஒரு பனிமலை வரைந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு அவள் அடித்திருந்தது ரோஸ் கலர்.

எந்த ஊரில் பனி ரோஸாக இருக்கிறது? மலைக்குப் பவுடர் பூசியிருக்கிறதா என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள். அவள் அசையவில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்பாள். யார் சொன்னது என்றால் பதில் வராது. அப்பா வீட்டை விட்டால் அடுத்த தெருவில் புருஷன் வீடு, அவருக்குத் தெரிந்து அதைத் தாண்டி ஒரு பயணம் போகாதவள். பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

போன மாதம் அவள் வெளியே போன நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி, அவரே மலைக்கு வெள்ளை அடித்துவிட்டார்.

வந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, காபி வந்தது, துவைத்த சட்டை வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. கத்தித் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இனி இப்படியேதானோ என்ற பயம் வேறு. அதற்காக இறங்கிப் போய்விட முடியுமா? வெள்ளை மலையைப் படம் பிடித்து வந்து கண்ணெதிரே வைத்தால், என்ன இருந்தாலும் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மேகம் விலகியது.

மலை எதிரே இருக்கும் என்று நினைத்திருந்தார். அது தலைக்கு மேலே இருந்தது. ஆகாயம் என்று நினைத்த இடத்தில் இருந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது.

அம்மாடி என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்து, பட்டென்று ஒரு படம் எடுத்தார். வசமாக மாட்டினாயா என்று மனசுக்குள் ஒரு துள்ளல். ஸ்டாண்டை மடக்கத் தொடங்கினார்.

இன்ஜின் சூடு தணியட்டும் என்று அங்கே வண்டியை நிறுத்தியிருந்த நம்ம பக்கத்து லாரிக்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

“இருங்கண்ணே, இனிமேதான் இருக்கு. கீழ ரோட்டுல எங்க நின்னு பாத்தாலும் வெறும் வெள்ளைதான். இந்த வளைவுல நின்னாதான் தெரியும், அதுவும் பொழுது சாயறப்ப.”

உச்சியில் ஒரு புள்ளி சிவந்தது. அது மெல்ல வழிந்து இறங்கியது. மேலே அழுத்தமாக, கீழே வரவர வெளிறி, பாறை இடுக்குகளில் லேசாக ஊதா தட்டி, மலை முழுக்க ரோஸ். எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் ஊதா என்று அவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வெள்ளை அடித்தவர் அவர்தானே.

கை கேமராவுக்குப் போகவில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தினமும் இது இங்கே நடந்துகொண்டிருந்ததா? தான் அங்கே நாலு சுவருக்குள் உட்கார்ந்து, காதைக் காட்டுங்க, காதைக் காட்டுங்க என்று சொல்லிக்கொண்டிருந்த சாயங்காலங்களில் எல்லாமா? கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

அவள் எடுத்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

வெள்ளை மலை கேமராவுக்குள் பத்திரமாக இருந்தது. அவர் இப்போதும் ஜெயித்துவிடலாம்.

ரோஸ்தான் என்றார். மலையைப் பார்க்க வந்தேன், பெரிய வளைவில் இருக்கிறேன், ரோஸ்தான், நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னித்துவிடு என்று உளறிக் கொட்டினார்.

போனை வைத்துவிட்டாளோ என்று பயந்துபோனார்.

“அங்க இருக்கற கைப்பிடிச் சுவர்ல உக்காந்துடாதீங்க” என்றாள். “கல்லு எப்பவும் ஊறிக் கிடக்கும். துணியெல்லாம் ஈரமாயிடும்.”

அவர் மெல்ல எழுந்து, பின்பக்கம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தொப்பலாக நனைந்திருந்தது.