ஆகாத நேரத்துக் கருவாடு

இது உண்மையில் நடந்ததா என்று எனக்குப் பல வருடங்களாகவே சந்தேகம்.

வாத்தம்மாவின் நெற்குதிருக்குப் பகலில் காகம் காவல், இரவில் ஆந்தை. மழைக்காலம் முழுக்கக் குஞ்சுகளுக்கு அந்த நெல்தான் சாப்பாடு.

"ஆகாத நேரத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு கருவாடு கூடுதல்" என்று வாத்தம்மா புது விதி போட்டாள். ஆந்தைக்கு எச்சில் ஊறியது. பெரிதாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு வாத்தம்மா முன்னால் போய் நின்றது.

"ராத்திரி உனக்கு ஆகாத நேரமாடா? நடிக்காதே!" என்றது காகம்.

"அப்படியானால் மாற்றிக்கொள்வோம், அண்ணே. பகல் எனக்கு ஆகாது, ராத்திரி உங்களுக்கு ஆகாது. ரெண்டு பேருக்கும் கருவாடு!"

விதிப்படி சரிதான் என்று வாத்தம்மாவும் தலையாட்டினாள். பகலில் ஆந்தை தூங்கியது, இரவில் காகம் தூங்கியது. மழை தொடங்கியபோது குதிரில் உமிகூட இல்லை.

எனக்கு இந்தக் கதையைச் சொன்ன தொந்திப் பெருச்சாளியிடம் போன வாரம் கேட்டே விட்டேன்: "ஏம்ப்பா, அந்த விதியை வாத்தம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?"