சென்னிநாயகம்

“சென்னிநாயகம் இல்லாம இனி ஒரு நாளும் கழியாது அக்கா. எனக்குத் தாங்க முடியல்ல.”

அடுக்களைப் பக்கமிருந்து வந்தது தங்கபாயின் குரல். மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்த நேசையன் வாத்தியார், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

வாத்தியார் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். புதுக்கடை மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து, மூன்று வருஷத்துக்கு முன் இங்கேயே பெண் கட்டியவர். மனைவி பேசுவதில் பாதியை இன்னமும் குத்துமதிப்பாகத்தான் புரிந்துகொள்வார். படித்த மனுஷன், அதை வெளியே சொல்வாரா?

“பிள்ளை அழுவானே, ஏட்டி” என்றாள் பக்கத்து வீட்டு செல்லபாய்.

“ரெண்டு நாள் அழுவான். பொறவு மறந்திருவான்.”

யாரவன் சென்னிநாயகம்? தொட்டிலில் பையன் ஜெயசிங் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வயதுப் பிள்ளை, பெற்றவளை இரண்டே நாளில் மறந்துவிடுவானாமே!

“ஒனக்க மாப்பிளைக்கிட்ட சொன்னியா?”

“சொன்னா சம்மதிக்க மாட்டாவ. பிள்ளை அழுதா அவியளுக்குப் பொறுக்காது. எல்லாம் முடிஞ்ச பொறவு தெரிஞ்சா மதி.”

“அதும் செரிதான்.”

“கிணத்தடியில நான் வழுக்கி விழுந்தப்ப, ரெண்டு நாளு எனக்க கால விட்டு எறங்காம கெடந்தது சென்னிநாயகம்தானே அக்கா.”

“எனக்கு வயிறு கட்டிக் கெடந்தப்பளும் அது உள்ள போன பொறவுதான் உயிரு வந்தது.”

அடப் பாவி, பேரன் பேத்தி எடுத்த செல்லபாயுமா!

அதைவிட வாத்தியாரைச் சுட்டது அந்த ‘அது’. கட்டின புருஷனை ‘அவிய’ என்று பலர்பாலில் சொல்கிறவள், பாதகன் ஒருவனை ‘அது’ என்கிறாளே! பதினோரு வருஷம் இலக்கணம் நடத்தியவருக்கு இது விளங்காதா? பிரியம் முற்றினால் உயர்திணையும் அஃறிணையாகும். திணை வழுவமைதி என்று நேற்றுத்தான் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்.

“அப்பம் தாமசிக்கண்டாம்” என்றாள் செல்லபாய். “முத்துநாயகத்துக்க கடையில கெடக்கும். சாயங்காலம் போய்க் கொண்டு வா.”

முத்துநாயகம், சென்னிநாயகம். அண்ணன் தம்பியேதான், சந்தேகமென்ன? சாயங்காலம் வரை காத்திருக்க அவருக்குப் பைத்தியமா? வாத்தியார் குடையை உருவிக்கொண்டு புறப்பட்டார். எடுக்க வந்த கண்ணாடி வீட்டிலேயே கிடந்தது.

வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே வந்தது. தங்கபாய் என்றால் அவருக்கு உயிர். அவள் போய்விட்டால் இவர் கஞ்சியோ தண்ணியோ குடித்துக் கிடப்பார். அம்மா எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு எந்த இலக்கணத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வார்?

சந்தை மூலைக் கடையில் முத்துநாயகம் கருப்பட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் குடையால் பலகையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

“சென்னிநாயகம் எங்க வே?”

“உள்ள கெடக்குது வாத்தியாரே. இதுக்காட்டா இந்த வெயில்ல வந்திய?”

“பட்டப்பகல்ல என்ன வே கெடை? வெளிய இழுத்துப் போடும்! இன்னைக்கு உடைச்சு நொறுக்காம நான் போகமாட்டேன்!”

“நீங்க எதுக்கு நொறுக்கணும்? நானே இடிச்சுத் தாறேன்.”

சொந்தத் தம்பியைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையா? வாத்தியார் மலைத்து நிற்கும்போதே முத்துநாயகம் உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அதிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு கட்டியை எடுத்து, வாத்தியாரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க. கத்தாழைப் பாலைக் காய்ச்சி எடுத்த அசல் சென்னிநாயகம். நாக்குல பட்டா மூணு நாளு கசக்கும். என்னத்துக்கு, வீக்கத்துக்குப் பூசவா, வயிறு எளக உள்ள தின்னவா?”

வாத்தியாரின் குடை மெல்லக் கீழே இறங்கியது.

முத்துநாயகம் தராசை எடுத்துக்கொண்டே கேட்டார்:

“இல்ல, பிள்ளைக்குப் பால்குடி மறக்கவா?”