கை தூக்காதவர்

"ஏனுங்க, பாட்டுக் கேக்க வந்தீங்களா, இல்ல கம்பி எண்ண வந்தீங்களா?"

அஃப்தாப் கத்தினான். முன்னால் நின்றவர் திரும்பவில்லை.

நாற்பதைத் தாண்டியிருக்கும். நீலக் கலர் முழுக்கைச் சட்டை. மேடைக்கு முன்னால் போட்டிருந்த தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, நட்ட கல் மாதிரி நின்றார். ஆடவில்லை, பாடவில்லை. ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

'தறிச்சத்தம்' ராக் பேண்ட் கோயமுத்தூருக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவர்கள் பாட்டெல்லாம் அஃப்தாபுக்கு மனப்பாடம். கணபதி ஏரியாவில் அவன் வேலை பார்க்கும் பட்டறையில் லேத் சத்தத்துக்கு மேலே அந்தப் பாட்டுதான் கேட்கும்.

"உட்றா, வயசானவரு," என்றான் கூட வந்த மாசாணம்.

"வயசானா பின்னாடி நிக்கட்டும். இந்த மாதிரி ஆளுகளாலதான் பெரிய பேண்டு எதுவும் நம்மூர்ப் பக்கமே வாரதில்ல."

"அது கெடக்கட்டும், ரம்ஷா எங்க?"

ரம்ஷா அஃப்தாபின் தங்கை. காலேஜில் படிக்கிறாள். 'நான் பாத்துக்கறேம்மா' என்று அம்மாவிடம் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தான்.

"அவ ஃப்ரெண்டு ஃபர்சானாகூட ஓரமா நிக்கறேன்னா. அவ சமாளிச்சுக்குவா."

அந்த நேரம் பார்த்துப் பாடகர் மைக்கில் சிரித்தார். "என்ன கோயமுத்தூர், எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

அஃப்தாபுக்குச் சுருக்கென்றது. தன்னையே சொன்ன மாதிரி இருந்தது. எல்லாம் இந்த நீலச் சட்டையால் வந்த மானக்கேடு!

அடுத்த பாட்டுக்கு எம்பி எம்பிக் குதித்தான். குதிக்கும்போதெல்லாம் அவன் தோள் அந்த முதுகில் போய் மோதியது. முதலில் தெரியாமல். பிறகு வேண்டுமென்றே.

அவர் முகத்தைப் பாதி திருப்பி என்னவோ சொன்னார். டிரம்ஸ் சத்தத்தில் காதில் விழவில்லை.

"என்னடா சொல்றாரு?"

"குதிக்கக் கூடாதாமா. வேறென்ன சொல்லுவாரு?"

இன்னும் பலமாக மோதினான். அந்த ஆள் கம்பியோடு கம்பியாக ஒட்டி நின்றாரே தவிர, ஒரு அடி நகரவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. மைதானத்து விளக்குகள் எரிந்தன. கூட்டம் வெளி கேட்டைப் பார்த்து நகர்ந்தது. நீலச் சட்டைக்காரர் மட்டும் அங்கேயே நின்றார்.

'ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் போகணும்' என்று அஃப்தாப் அவர் பக்கம் போய் வாயைத் திறந்தான்.

"அண்ணா!"

குரல் கீழேயிருந்து வந்தது. அவர் காலடியில், கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ரம்ஷா. ஒரு காலில் செருப்பு இல்லை. கணுக்கால் வீங்கியிருந்தது.

"ரம்ஷா! இங்க எப்படி வந்த?"

"ரெண்டாவது பாட்டுலயே கூட்டம் தள்ளிட்டு வந்துருச்சுண்ணா. ஃபர்சானா அந்தப் பக்கம் போயிட்டா. நான் இங்க உழுந்துட்டேன். எந்திரிக்கவே முடியல."

அவள் நீலச் சட்டைக்காரரைக் கை காட்டினாள்.

"இவருதான் யாரும் என்னை மிதிச்சுராம மறைச்சு நின்னாரு. செக்யூரிட்டியக் கத்திக் கத்திக் கூப்புட்டாரு, யாருக்கும் கேக்கல. கம்பிய உட்டா கூட்டம் என்மேல வந்துரும்னு கடைசி வரைக்கும் கையவே எடுக்கலண்ணா."

அவர் இப்போதுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் சட்டென்று விரியவில்லை. உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"பயந்துராதீங்க தம்பி. சுளுக்காத்தான் இருக்கும். எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க," என்றார். "நானும் பெருந்துறை பஸ்ஸப் புடிக்கணும்."

"நீங்க பாட்டே கேக்கலியேங்க," என்றான் மாசாணம் மெதுவாக.

"காதத்தான் யாரும் புடிச்சுக்கலீங்களே. எல்லாப் பாட்டும் கேட்டேன்," என்று சிரித்தவர், முதுகை நிமிர்த்தப் போய் முகம் சுளித்தார்.

ரம்ஷாவுக்கு அதைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கியது.

"பின்னாடியிருந்து எவனோ ஒருத்தன் இவரை இடிச்சுட்டே இருந்தாண்ணா. ஒவ்வொரு இடிக்கும் இவரு பல்லக் கடிச்சது எனக்குத்தான் தெரியும். ஏனுங்க, நீங்க திரும்பிப் பாத்தீங்கல்ல? யாருங்க அவன்?"

அஃப்தாப் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் அவனைப் பார்த்தார். அப்புறம் ரம்ஷாவைப் பார்த்தார்.

"ஆள் தெரியலீங்க அம்மணி," என்றார். "ஆனா, பாட்டுன்னா அவருக்கு உசுருங்க."