ஹென்றி நகரவில்லை

பதினேழு நிமிடமாக ஹென்றி ஒரே இடத்தில் நின்றார்.

கைப்பேசியில், வரைபடத்தின் மேல், ஒரு சின்ன வட்டத்துக்குள் ஹெல்மெட் போட்ட அவர் முகம். சாந்தமேரி அதை விரலால் தட்டிப் பார்த்தாள். ஊதிக்கூடப் பார்த்தாள். அசைவேனா என்றது.

சுபாங் ஜெயாவில் வேலை முடிந்து சைக்கிளில் கிளம்பும்போது, அவள் நச்சரிப்பு தாங்காமல் அவரே அனுப்பியதுதான். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வசதி இருப்பதை நேற்றுத்தான் ஜோகூரிலிருந்து மகள் சொல்லிக்கொடுத்தாள். இனிமேல் அப்பா எங்கே வருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், டென்ஷனே இல்லை என்றாள்.

டென்ஷன் இல்லையாம்! நேற்றுவரை பார்க்காமல் பயந்தாள். இன்று பார்த்துக்கொண்டே பயந்தாள்.

ஃபெடரல் ஹைவே என்ன சைக்கிள் ஓட்டுகிற ரோடா? ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்று ஒரு பாதை இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? அதில் பறக்கிற பயல்கள் மனிதனை மதிப்பார்களா? பாதை முடிகிற இடத்தில் லோரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், இனிப்பு நீர் நோயோடு, பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற வீடு வரைக்கும்.

ஓட்டச் சொன்னதே அவள்தான்.

கோயில் லக்கி டிராவில் மூன்றாம் பரிசாக இந்த மடக்குகிற சைக்கிள் விழுந்தபோது, மாதாவே கொடுத்தது என்று நினைத்தாள். டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று வருடமாகியும் சோபாவை விட்டு எழாத மனிதர் ஹென்றி. மாதா கொடுத்ததை மூலையில் போட்டால் பாவம் என்று காதைத் தின்று அவரை ஏற்றிவிட்டாள். இரண்டு மாதமாக அவரும் தினமும் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார். கோயிலில் இந்தப் பெருமையை அவள் சொல்லாத ஆளில்லை.

பதினெட்டு நிமிடம். ஏழாவது தடவையாக அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை.

அப்போது ஹென்றி நகர்ந்தார்.

நகர்ந்தாரா, பறந்தார்! அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் எங்கேயோ போய்விட்டார். மாலை ஆறரை மணி ஜாமில் ஊரே ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த வேகத்தில் ஒரே ஒரு வண்டிதான் போகும். எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிற வண்டி.

"ஐயோ மாதாவே, நான்தானே அனுப்புனேன்" என்று புலம்பிக்கொண்டே அவருடைய கிளினிக் கார்டையும் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களோ! பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

பக்கத்து வீட்டுத் தாமரைக்கு ஷா ஆலமில் வேலை. தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வருகிறவள். ஈரத்தலையோடு வந்து போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆன்டி, அங்கிள் ரோட்டுலயே இல்லியே. ரயில்ல வராரு லா. பாருங்க, ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு வருது."

சாந்தமேரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

அடப்பாவி மனுஷா! சைக்கிளை மடக்கிக் காலடியில் போட்டுக்கொண்டு ஏசியில் உட்கார்ந்தா வருகிறாய்? அப்படியானால் அந்த வேர்வை? ஸ்டேஷன் குழாயில் தலையைக் காட்டிவிட்டு வருவார்போல. அதை நம்பி இவள் சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீரும் கையுமாக வாசலில் நிற்கிறாள். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது.

வந்தார். மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பப்பா, செம ஜாம் மேரி. லோரிக்காரன் ஒருத்தன் உரசற மாதிரியே வந்தான் லா."

அவள் கிட்டே போய்ச் சட்டையை மோந்து பார்த்தாள். வேர்வை வாடையே இல்லை, வெறும் குழாய்த் தண்ணீர். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வேகத்தில் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கினாள்.

"வேணாம் மேரி" என்று அவர் பதறிச் சட்டையை இழுத்தார். அதற்குள் பார்த்துவிட்டாள்.

இடுப்பிலிருந்து விலா வரைக்கும் தோல் கன்றிக் கிடந்தது. நடுவில் கருநீலம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. இது இன்று பட்ட அடி இல்லை. நேற்றுப் பட்டதும் இல்லை. குளிருகிறது என்று இவர் சட்டையோடு படுக்க ஆரம்பித்து எத்தனை நாள்?

திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ.

"எப்ப?" என்றாள்.

ஹென்றி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் செவ்வாக்கிழமை. அதுலேர்ந்து ரோட்டப் பாத்தாலே கால் நடுங்குது மேரி. நீ கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்ட, அதான்..."

செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அந்தோணியார் நவநாள். ஜெபம் முடிந்து, பெண்களிடம் ஹென்றியின் சைக்கிள் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, அவர் குளித்து முடித்துப் படுத்திருந்தார்.

சைக்கிளில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. மழையில் வந்திருப்பார் என்று நினைத்து, அவள்தான் துடைத்துவைத்தாள்.